ஃபோம் தின்ற குரல்

பாட்டுப் பயிற்சிக்கு ஆகவே ஆகாத இடம் ஒன்றைக் காட்டு என்று யாராவது கேட்டால், நான் குடியிருக்கும் மாடிக்கு நேர் கீழே கூட்டிப்போய்க் காட்டுவேன். அங்கே சோபா செய்கிறார்கள். தரையிலிருந்து கூரை வரை ஃபோம் தகடுகள், மூலையில் பஞ்சு மூட்டைகள், சுவரோரம் ரெக்சின் சுருள்கள். அந்த அறையில் நின்று ஒருவரைத் திட்டினால், திட்டு எதிராளியிடம் போய்ச் சேர்வதற்குள் பாதியாகிவிடும். அந்தக் குடும்பம் இத்தனை வருஷம் பிரியாமல் இருப்பதற்கு அதுதான் காரணம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேலை முடிந்த சாயங்காலங்களில், பாதி முடிந்த சோபாக்களை ஓரங்கட்டிவிட்டு, அங்கே பாட்டுக் குழு கூடும். குழு என்றால் அப்பா, மகள், மகன். அப்பா சோபா மாஸ்டர், டிரம்ஸ் அவருடையது. மகன் பகலில் சோபா ஏற்றும் வண்டி ஓட்டுவான், சாயங்காலம் கிட்டார். மகள் பகலில் துணி வெட்டுவாள், சாயங்காலம் பாடுவாள். முப்பதை நெருங்கியும் வீட்டில் அவளுக்குப் பாப்பா என்றுதான் பெயர். நான் பாப்பாக்கா என்பேன். பாப்பாவும் அக்காவும் ஒரே ஆளாக எப்படி இருக்க முடியும் என்று யாரும் இதுவரை கேட்டதில்லை.

மாஸ்டரின் மனைவி மாஸ்டரம்மா, உறை தைக்கும் மெஷினை விட்டு எழுந்திருக்காமலே பயிற்சியைக் கேட்பார். அவருடைய தம்பி எலக்ட்ரீஷியன். அவரை எல்லாரும் மாமா என்போம். குழுவின் சவுண்டு எஞ்சினியர் பதவியை அவரே தனக்குக் கொடுத்துக்கொண்டார். குழுவில் சவுண்டு சிஸ்டம் என்று எதுவும் இல்லாததால் பதவியில் வேலைப்பளு குறைவு.

ஃபோமுக்கு ஒரு கெட்ட புத்தி உண்டு. மெல்லிய சத்தத்தைத்தான் அது தின்னும். பாப்பாக்காவின் குரலைப் பாயசம் மாதிரி உறிஞ்சும். டிரம்ஸிடம் அதன் பல் இறங்காது. மாஸ்டர் அடித்தால் மாடியில் என் சாப்பாட்டுத் தட்டு மேஜை ஓரத்துக்கு நடந்து போகும். வருஷத்துக்கு வருஷம் அவர் அடி கூடிக்கொண்டே வந்தது. கூடக் கூட பாப்பாக்காவும் அதற்கு மேலே ஏறிக் கத்த வேண்டியிருந்தது. பெரிய டிரம்முக்குள் கொஞ்சம் ஃபோமைத் திணித்தால் சத்தம் அடங்கும், கடை முழுக்க ஃபோம்தானே இருக்கிறது என்று அவள் பல தடவை கெஞ்சியிருக்கிறாள். டிரம்முக்கு மெத்தை போட்டால் அது தூங்கிவிடும் என்று மாஸ்டர் முடித்துவிடுவார்.

அதேபோல இன்னொரு பிடிவாதம். மகனின் கிட்டார் ஆம்ப்ளிஃபையர் பெட்டி, மாஸ்டர் உட்காரும் ஸ்டூலோடு ஒட்டித்தான் இருக்க வேண்டும். ஒரு விரற்கடை தள்ளினால்கூடப் பயிற்சி நடக்காது. பாப்பாக்கா அவருக்கு நேர் எதிரே, முகம் பார்த்து நின்று பாட வேண்டும். கலைஞர்களுக்கு இப்படி ஏதாவது இருக்கும் என்று விட்டுவிட்டோம்.

மாஸ்டரின் காதைப் பற்றித் தெருவில் பெரிய பெயர். யாராவது பழைய சோபாவைக் கொண்டுவந்தால் அதன் மரச்சட்டத்தில் ஒரு கையை வைத்து, மறு கையின் முட்டியால் தட்டுவார். "இடது கால்ல விரிசல்" என்பார். பிரித்துப் பார்த்தால் விரிசல் இருக்கும். அதனால் பாட்டில் எது சரி, எது தப்பு, எது கேட்கிறது, எது கேட்கவில்லை என்பதற்கெல்லாம் மாஸ்டர் சொல்வதுதான் தீர்ப்பு.

ஃபோம் வெட்டும் நேரத்தில் மட்டும் அவரிடம் எதையும் கேட்கக் கூடாது. வெட்டும்போது தூள் மாவாகப் பறக்கும் என்பதால் எல்லாரும் வாயையும் மூக்கையும் துணியால் கட்டியிருப்பார்கள். அப்போது எதைக் கேட்டாலும் மாஸ்டரிடமிருந்து பதில் வராது. வேலையில் இறங்கிவிட்டால் மனுஷனுக்கு உலகமே தெரியாது என்று மாஸ்டரம்மா சொல்வார். அதைப் பெருமையாகச் சொல்கிறாரா புகாராகச் சொல்கிறாரா என்பது அன்றைய சமையலைப் பொறுத்தது. ஏதாவது வேண்டுமானால் டீ வரும்போது, துணியை இறக்கிவிட்டு, எதிரே உட்கார்ந்து கேட்க வேண்டும்.

அந்த மழைக்காலத்தில்தான் எல்லாம் வந்து சேர்ந்தது. மழை விடாமல் பெய்தது. ஃபோம் ஈரத்தை உறிஞ்சிக் கனத்தது. கடையில் பசை வாடையும் நனைந்த பஞ்சு வாடையும் கலந்து நின்றன. பாப்பாக்காவின் குரல் காலையில் வரவே மறுத்தது. வெந்நீர் குடித்த பிறகு வந்தாலும், கதவிடுக்கில் மாட்டிய துணி மாதிரிக் கிழிந்து வந்தது. மாஸ்டரம்மா அவளைத் தொண்டை டாக்டரிடம் கூட்டிப்போனார்.

திரும்பி வந்து மாஸ்டரம்மா மாடியேறி என்னிடம் விஷயத்தைச் சொன்னார். கல்லூரியில் படிக்கிறேன், கையில் போன் இருக்கிறது என்ற இரண்டு காரணங்களால் அவர் என்னைப் பாதி டாக்டராக மதித்துவந்தார். குரல் வருகிற இடத்தில் காய்ப்பு காய்த்துவிட்டதாம். கத்திக் கத்தி வந்ததாம். சில வாரம் வாயே திறக்கக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது. இதற்குமேல் ஒரு தடவை கத்தினாலும் குரல் போகலாம், போனது திரும்பும் என்று உறுதி சொல்ல மாட்டேன் என்றாராம் டாக்டர்.

"நீ போன்ல பாரு தம்பி. டாக்டர் சும்மா பயமுறுத்துறாரான்னு."

பார்த்தேன். போன் டாக்டரைவிட அதிகமாகப் பயமுறுத்தியது. நான் அதை அவருக்கு வாசித்துக் காட்டவில்லை.

பாப்பாக்கா வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் ஏரிக்கரை ஹோட்டலிலிருந்து மேனேஜர் வருவதாக அந்த வாரம்தான் சொல்லியிருந்தார்கள். வார இறுதிகளில் பாட ஒரு குழு வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை பயிற்சியைப் பார்த்து முடிவு செய்வாராம். அந்த ஹோட்டலில் நல்ல மைக், நல்ல ஸ்பீக்கர், அதைக் கவனிக்கத் தனியாக ஓர் ஆள். அங்கே போய்விட்டால் பாப்பாக்கா வாழ்நாள் முழுக்கக் கத்தவே வேண்டாம். கத்த வேண்டாத இடத்துக்குப் போக, கத்த வேண்டிய இடத்தில் ஒரு தடவை தேற வேண்டும். எங்கள் கல்லூரி நுழைவுத் தேர்வும் ஏறக்குறைய இதே தத்துவத்தில்தான் நடந்தது.

"ஒரே ஒரு நாள்மா. மைக் மட்டும் கிடைச்சா மெதுவாப் பாடிடுவேன். அப்புறம் நீ சொல்ற வரைக்கும் வாயத் திறக்க மாட்டேன்."

இதை அவள் அம்மாவிடம் சொன்னபோது நான் படியில் நின்றிருந்தேன். அப்பாவிடம் சொன்னாயா என்று மாஸ்டரம்மா கேட்டார். சொன்னேன் என்றாள். அன்று, புதன்கிழமை காலை, ஃபோம் வெட்டிக்கொண்டிருக்கும்போது, அவர் பக்கத்தில் நின்று, டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறாள். முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லை. இரண்டு பேர் முகத்திலும் துணி இருந்ததால்தான் சொல்லவே வந்ததாம்.

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. தகட்டைத் திருப்பிப் போட்டு அடுத்த பக்கம் வெட்டினாரு."

 அந்த மனுஷனுக்கு டிரம்ஸ்தான் மூத்த பிள்ளை என்றார் மாஸ்டரம்மா. அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் மாஸ்டரிடம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவருக்குத் தெரியும், தெரிந்தும் கல்லாக இருக்கிறார் என்று எல்லாரும் முடிவுகட்டியாயிற்று.

ஆக, மைக் வேண்டும். வாடகைக்குச் செட் கொடுக்கிறவரிடம் மகன் போனான். தேர்தல் நேரம். கடையில் ஒரு ஒயர்கூட மிச்சம் இல்லை. பாட வராதவர்கள் எல்லாரிடமும் மைக் போய்ச் சேர்ந்துவிட்டது. மாமா மட்டும் கவலைப்படவில்லை. இத்தனை வருஷம் காலியாக இருந்த பதவிக்கு வேலை வந்துவிட்ட சந்தோஷம் அவர் முகத்தில் தெரிந்தது.

முதலில் கிட்டார் பெட்டியிலேயே குரலையும் விடலாம் என்றார். அதில் இன்னொரு துளை சும்மா இருக்கிறதாம். எங்கிருந்தோ ஒரு பழைய மைக்கைக் கொண்டுவந்து சொருகினார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தாலும், வந்தது. பெட்டி மாஸ்டரின் காலடியில் இருந்ததால் மைக் சத்தம் திரும்ப மைக்குக்குள் புகுந்து ஊளையிட்டது. பெட்டியை வாசல் பக்கம் தள்ளினால் சரியாகிவிடும் என்று மாமா சொன்னார். மாஸ்டர் பெட்டியின்மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டார். தள்ளாமலே ஒரு பாட்டு ஓடியது. முடிந்ததும் மாஸ்டர் குச்சியைக் கீழே வைத்தார்.

"கேக்கல."

அடுத்து மாமா தன் வீட்டு டிவி ஸ்பீக்கரைக் கழற்றிக்கொண்டுவந்தார். காதில் மாட்டும் ஹெட்போனையே தலைகீழாக வேலை வாங்கினால் அது மைக் ஆகிவிடும் என்று விளக்கினார். கேட்கப் பைத்தியக்காரத்தனமாக இருந்தாலும் அது நிஜமாகவே வேலை செய்தது. வாயைத் தொட்டுக்கொண்டு பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். பாப்பாக்கா அந்தப் பஞ்சு உருண்டையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, தூங்குகிற குழந்தைக்குச் சொல்கிற மாதிரி மெதுவாகப் பாடினாள். என்னை மழையில் எதிர்க்கடை வரை அனுப்பிக் கேட்கச் சொன்னார்கள். அங்கேயும் கேட்டது. எதிர்க்கடைக்காரர் இரண்டாவது அடி நல்லாயிருக்கு என்றுகூடச் சொன்னார். ஓடி வந்து சொன்னேன்.

"எனக்குக் கேக்கலயே," என்றார் மாஸ்டர். "பக்கத்துல இருக்கறவனுக்குக் கேக்காதது ரோட்டுல இருக்கறவனுக்குக் கேக்குதா? நீ படிக்கிற காலேஜ்ல இதான் சொல்லிக் குடுக்கறாங்களா?"

எதிர்க்கடைக்காரரைக் கூட்டிவரட்டுமா என்று கேட்டேன். அவர் கடனுக்குச் சோபா வாங்கினவர், எதைக் கேட்டாலும் ஆமாம் என்பார் என்று மாஸ்டர் ஒதுக்கினார். பாப்பாக்கா ஹெட்போனைக் கீழே வைத்துவிட்டு, மைக் இல்லாமல், அவர் முகத்துக்கு நேரே நின்று, நரம்பு புடைக்கக் கத்திப் பாடினாள்.

"இது சரி. இதுதான் பாட்டு," என்றார் மாஸ்டர்.

அவள் வெளியே போய் மழை சொட்டுகிற கூரைக்கு அடியில் நின்று இருமினாள். மாஸ்டரம்மா வெந்நீர் கொண்டுபோனார். உள்ளே மாமா, அடுத்து என்ன செய்யலாம் என்று ஒரு பழைய ரேடியோவைப் பிரித்துக்கொண்டிருந்தார். மகன் மட்டும் கிட்டாரை உறையில் போட்டுவிட்டு, என் பக்கம் திரும்பி, அப்பாவுக்கு அக்கா மேல என்ன கோபம்னே தெரியல என்றான். மைக் வந்துவிட்டால் தன் டிரம்ஸ் சின்னதாகிவிடும் என்று பொறாமையாக இருக்குமோ என்றேன். இப்போது நினைத்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

சனிக்கிழமை மாமா கடைசி ஆயுதத்தோடு வந்தார். தள்ளுவண்டியில் பழைய சாமான் வாங்குகிறவரின் குழாய் ஸ்பீக்கர். பாட்டரியில் ஓடும். கையில் பிடிக்கிற மைக் அதோடு சேர்ந்தது. உள்ளங்கை அகலம், முகத்தில் பாதியை மூடிவிடும். அதில் பாடினால் குரல் தெருமுனை வரை போயிற்று. ஒரே குறை, உள்ளே பதிவு செய்து வைத்த கூவலை அழிக்க முடியவில்லை. பொத்தானில் விரல் கொஞ்சம் நகர்ந்தால் அதுபாட்டுக்கு ஆரம்பித்துவிடும். விரல் நகராமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றார் மாமா. மாஸ்டர் இதற்கும் கேக்கல என்றுதான் சொன்னார். அவர் சொல்லட்டும், மேனேஜருக்குக் கேட்டால் போதும் என்று மாஸ்டரம்மா முதல் தடவையாகத் தீர்ப்பை மீறினார்.

ஞாயிற்றுக்கிழமை மேனேஜர் வந்தார். குடையை மடக்கி எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். அப்போதுதான் முடித்திருந்த சோபாவில் அவரை உட்காரவைத்தார்கள். டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். மாஸ்டர் இஸ்திரி போட்ட சட்டையில், ஸ்டூலைப் பெட்டியோடு இன்னும் கொஞ்சம் நெருக்கிப் போட்டு உட்கார்ந்தார். பாப்பாக்கா காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. குரலைச் சேர்த்து வைத்திருக்கிறாள் என்று மாஸ்டரம்மா என் காதில் சொன்னார்.

முதல் பாட்டு பாதிவரை நன்றாகவே போனது. மேனேஜரின் கால் தாளம் போட்டது. ஒரு மெல்லிய இடம், காதலன் போய்விட்டான், இனி வர மாட்டான் என்கிற அடி. பாப்பாக்கா கண்ணை மூடினாள். விரல் நகர்ந்துவிட்டது.

"பழைய இரும்பு, பழைய பிளாஸ்டிக், ஓடாத ஃபேன், உடைஞ்ச சேர், கிழிஞ்ச சோபா..."

மாமா பாய்ந்து பொத்தானை அமுக்கினார். கூவல் இன்னும் வேகமாக ஓடியது. ஒயரைப் பிடுங்கினார். லேசாகப் புகை வந்தது. பிறகு குழாய் ஸ்பீக்கர் எந்தக் காலத்திலும் பேசாததுபோல் ஆகிவிட்டது. மாஸ்டர் மட்டும் இத்தனைக்கும் நிறுத்தாமல் அடித்துக்கொண்டிருந்தார். என்ன ஒரு நிதானம் என்று நான் வியந்தேன்.

மாஸ்டரம்மா வேண்டாம் என்று கையை ஆட்டினார். பாப்பாக்கா அதைப் பார்த்தாள். மைக்கைத் தரையில் வைத்துவிட்டு, அப்பாவுக்கு எதிரே போய் நின்று, அடுத்த பாட்டை வெறும் தொண்டையில் ஆரம்பித்தாள். அறை முழுக்க ஃபோம். டிரம்ஸ் இடித்தது. அவள் அதற்கு மேலே ஏறினாள். இரண்டாவது அடியில் குரல் பிளந்தது. மூன்றாவது அடியில் ஒரு காற்று மட்டும் வந்தது. அதற்கு அப்புறம் ஒன்றும் இல்லை.

அவள் நிறுத்தவில்லை. வாய் திறந்து மூடியது. கழுத்து நரம்பு எழுந்தது. ஒவ்வொரு வார்த்தையையும் உதட்டில் சொல்லிக்கொண்டே போனாள். சத்தம் மட்டும் இல்லை. மகன் கிட்டாரை நிறுத்திவிட்டான். மேனேஜர் டீயை வைத்துவிட்டார். மாஸ்டர் அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அடித்தார். அவள் மூச்சு வாங்கும் இடத்தில் அடியைக் குறைத்தார். அவள் நீட்ட வேண்டிய இடத்தில் சிம்பலை மெல்ல உருட்டினார். கடைசி அடியை அவள் உதடு முடித்ததும், ஒரு நொடி பிசகாமல் அவரும் முடித்தார்.

"இதைத்தான் நான் ஒரு வாரமா சொல்றேன்," என்றார் மேனேஜரைப் பார்த்து. "மைக்கும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். இன்னைக்கு ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக் கேட்டுச்சு. என்ன சார்?"

மேனேஜர் தன்னைக் கிண்டல் செய்கிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். சொல்லி அனுப்புகிறேன் என்று குடையோடு எழுந்து போனார். மாஸ்டர் வாசல் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார். 

மாஸ்டரம்மா மெஷின் மேல் கிடந்த தூள் துணியை எடுத்தார். வாயையும் மூக்கையும் கட்டிக்கொண்டு அவருக்கு எதிரே வந்து நின்றார்.

"உங்க அம்மாவுக்குச் சமைக்கவே தெரியாது," என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் இந்த ஒரு வாக்கியத்துக்குத் தட்டு பறந்திருக்கிறது, மாமா இரண்டு தடவை பஞ்சாயத்துக்கு வந்திருக்கிறார்.

"ஆமா, எடுத்து வை. எனக்கும் பசிக்குது," என்றார் மாஸ்டர்.

மாஸ்டரம்மா துணியை அவிழ்த்தார். 

"எவ்வளவு நாளாங்க?"

இதை அவர் பார்த்தார். பார்த்துவிட்டு எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். போய் ஸ்டூலில் உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் காலைப் பெட்டியோடு ஒட்டினார்.

"மைக்கு வாயை மறைக்குது," என்றார்.

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். முதலில் தையல் மெஷின் சத்தம் போனது. மெஷினுக்கு எண்ணெய் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். அப்புறம் மழை போனது. டிரம்ஸ் சின்னதாகிக்கொண்டே வந்ததால் ஓங்கி அடிக்க ஆரம்பித்தார். கிட்டார் கால்வழியாக வரும், அது போதும். சட்டத்தில் விரிசல் கையிலேயே தெரியும், அதற்குக் காது எதற்கு. சொன்னால் குழு போய்விடும், பாப்பா யாரோடு பாடுவாள் என்று சொல்லவில்லை.

"பாப்பா பாடறது மட்டும் போகல. அவ வாயைப் பாத்தா உள்ள தானா கேக்கும். சின்ன வயசுல பாடுவாளே, அதே குரல். அப்படியே கேக்கும்."

மாஸ்டரம்மா அவர் முகத்தைத் தன் பக்கம் திருப்பினார். டாக்டர் சொன்னதை, உதடு நன்றாகத் தெரியும்படி, மெதுவாகச் சொன்னார். காய்ப்பு என்பதை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. புதன்கிழமை ஃபோம் வெட்டும்போது அவள் அதைத்தான் வந்து சொன்னாள் என்றும் சொன்னார்.

"வந்து நின்னா," என்றார் மாஸ்டர். "பக்கத்துல வந்து நின்னா. தகடு பிடிக்க வந்திருக்கான்னு நெனச்சேன்."

ஹோட்டலிலிருந்து ஆள் வரவில்லை. டாக்டர் மறுபடி தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, பொறுத்துப் பார்ப்போம் என்றார். கிசுகிசுக்கவும் கூடாது என்பதால் பாப்பாக்கா காற்றுக்கூட இல்லாமல் உதட்டை மட்டும் அசைப்பாள். மாஸ்டரம்மாவுக்கு அதில் பாதி புரியாது. மகனுக்கு ஒன்றுமே புரியாது. உப்பு கேட்டால் கத்தரிக்கோல் கொண்டுவருவான். நான் இரண்டு நாளில் தோற்றுப்போனேன். மாஸ்டர் மட்டும் ஃபோம் வெட்டிக்கொண்டே, துணியில்லாத அவள் முகத்தை அவ்வப்போது பார்த்துச் சரளமாகப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். அவளுக்காக அவர்தான் துணிக்கடைக்காரரிடம் பேரம் பேசினார். அந்த வீட்டில் அவள் பேச்சு கேட்கிற ஒரே ஆள் அவர்தான் என்று ஆகிவிட்டது. தூள் மூக்கில் ஏறும் என்று மாஸ்டரம்மா எத்தனை சொல்லியும் அவள் துணி கட்டவில்லை.

ஒரு சாயங்காலம் மழை விட்டிருந்தது. மாஸ்டர் பெரிய டிரம்மின் முன்தோலைக் கழற்றி, வெட்டி மிஞ்சிய ஃபோம் துண்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே திணித்துக்கொண்டிருந்தார். பாப்பாக்கா எதிரே உட்கார்ந்து துண்டுகளை எடுத்துக் கொடுத்தாள். நான் வாடகை விஷயமாகக் கீழே வந்திருந்தேன். திடீரென்று கொடுப்பதை நிறுத்திவிட்டு, அவர் முழங்காலைத் தொட்டுத் தன்னைப் பார்க்க வைத்து, அவள் எதையோ கேட்டாள். மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டாள். இரண்டு நாளில் தோற்றுப்போன எனக்கே அது புரிந்தது.

குரல் வராமலே போயிட்டா என்னப்பா பண்றது?

மாஸ்டர் முகத்தைத் திருப்பவில்லை. அவள் உதட்டையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். வெளிச்சம் நேராக அவள் முகத்தில்தான் விழுந்தது.

"கேக்கல," என்றார்.

பிறகு அடுத்த துண்டுக்குக் கையை நீட்டினார்.